ஃபைன் லைன் டாட்டூ ஏன் இவ்வளவு சீக்கிரம் மங்குகிறது? தப்பு உங்கள் க்ரீம் மீது மட்டும் இல்லை!

முடி அளவு மெல்லிய கோட்டில் ஒரு பட்டாம்பூச்சி. மணிக்கட்டில் குட்டியாக 'அம்மா'. காதுக்குப் பின்னால் ஒரு பிறை நிலா. சென்னை, கோவை, மதுரை என எந்த ஊர் டாட்டூ ஸ்டூடியோவின் இன்ஸ்டா பக்கத்தைத் திறந்தாலும் இந்த 'ஃபைன் லைன்' ரகம் கண்ணில் படாமல் இருக்காது. ஆபீஸில் யாரும் முறைக்க மாட்டார்கள். வீட்டில் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துவிடலாம். வலியும் கம்மி. முதல் டாட்டூ போடுகிறவர்களுக்கு இதைவிட வசதியான தேர்வு இல்லை என்றே தோன்றும்.

சிக்கல் ஒரு வருடம் கழித்து வருகிறது. கோட்டின் ஒரு பகுதி காணாமல் போயிருக்கும். இன்னொரு பகுதி, இங்க் பேனாவால் எழுதிய இடத்தில் தண்ணீர் பட்ட மாதிரி கசிந்திருக்கும். ஸ்டூடியோவுக்குப் போய்க் கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "நீங்க ஆஃப்டர்கேர் சரியா பண்ணல ப்ரோ."

இது பாதி உண்மை. புது டாட்டூவைப் பராமரிப்பது முக்கியம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஃபைன் லைன் விஷயத்தில், கோடு நிற்குமா நிற்காதா என்பதன் பெரும்பகுதி ஊசி தோலைத் தொடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எந்த இடத்தில், எவ்வளவு சின்னதாக, யார் கையால் என்பதில் கோட்டை விட்டால், அதன் பிறகு எத்தனை ரூபாய் க்ரீம் தடவினாலும் பிரயோஜனம் இல்லை. இதைக் காசு வாங்குவதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஸ்டூடியோ. பல இடங்களில் சொல்வதில்லை.

மை தோலுக்குள் எங்கே இருக்கிறது?

தோலின் மேல் அடுக்கு ஏறக்குறைய ஒரு மாதத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அங்கே தங்கிய மை உரிந்து போய்விடும். அதனால் ஊசி அதற்குக் கீழே உள்ள 'டெர்மிஸ்' என்ற அடுக்கைத் தொட வேண்டும். ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழம், அவ்வளவுதான். அந்த அளவு மேலே தப்பினால் மை உதிரும். கீழே தப்பினால் கொழுப்பு அடுக்கில் பரவி, கோட்டைச் சுற்றி நீல நிழல் மாதிரி படரும். ஆர்ட்டிஸ்ட்டுகள் இதை 'ப்ளோ-அவுட்' என்பார்கள். அதற்கு ஆஃப்டர்கேர் வைத்தியம் எதுவும் கிடையாது.

டெர்மிஸில் போன மை சுவரில் பெயின்ட் மாதிரி ஒட்டிக்கொண்டு சும்மா இருப்பதில்லை. உடல் அதை வெளியாளாகத்தான் பார்க்கிறது. 'மேக்ரோஃபேஜ்' என்ற காவல் செல்கள் ஓடிவந்து மைத்துகள்களை விழுங்கிக்கொள்கின்றன. ஜீரணிக்க முடியாது, துப்பவும் முடியாது. உள்ளேயே வைத்துக்கொள்கின்றன. பிரான்ஸின் மார்சேய் நகர ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில் இன்னொரு விஷயம் தெரிந்தது. மை வைத்திருக்கும் செல் இறக்கும்போது துகள்கள் வெளியே கொட்டுகின்றன. அதே இடத்துக்குப் புதிதாக வரும் செல் அவற்றை மறுபடி விழுங்குகிறது. டாட்டூ 'பெர்மனென்ட்' ஆக இருப்பது இந்தக் கைமாற்றத்தால்தான்.

இப்போது தடிமனான கோட்டையும் மெல்லிய கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருடங்கள் போகப் போக எல்லா டாட்டூவின் ஓரமும் கொஞ்சம் நகரும், கொஞ்சம் மங்கும். மூன்று மில்லிமீட்டர் அகலக் கோட்டில் அது கண்ணுக்கே தெரியாது. ஃபைன் லைனுக்குப் பயன்படுவது ஒற்றை ஊசி, அல்லது மூன்று ஊசிகளை நெருக்கிக் கட்டியது. ஒரு ஊசியின் தடிமன் 0.25 முதல் 0.35 மில்லிமீட்டர். அப்படிப் போட்ட கோட்டில் நடுப்பகுதி என்று ஒன்று கிடையாது, முழுக்க ஓரம்தான். அதனால்தான் சின்ன மாற்றமும் பெரிதாகத் தெரிகிறது.

இதை நம்ப லேப் ரிப்போர்ட் எதுவும் தேவையில்லை. ஊரில் வயதான பாட்டிகளின் முன்கையைப் பார்த்தால் போதும். கோலப் புள்ளிகள், தேள், பெயர் என்று அந்தக் காலத்தில் குறவர் பெண்களிடம் குத்திக்கொண்ட பச்சை, ஐம்பது அறுபது வருடம் கழித்தும் இருக்கிறது. ஆனால் கோடு அகன்றிருக்கும், கருப்பு நீலப்பச்சையாகத் தெரியும். கோலம் இன்னும் கோலமாகவே தெரிவதற்குக் காரணம், புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். பெயர்களைத்தான் பல கைகளில் இப்போது வாசிக்க முடிவதில்லை.

மெல்லிய ஊசி வேலையே ஏமாற்று என்றும் சொல்லிவிட முடியாது. கொரியன் ஸ்டைல் என்று இன்று விற்கப்படும் இந்த ரகத்துக்கு, அமெரிக்காவின் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் 1970-களிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. சிறைகளில் கிடைத்த கிடார் கம்பியையும் சின்ன மோட்டாரையும் வைத்து மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் போட்ட ஒற்றை ஊசி டாட்டூக்கள், 1975-ல் தொடங்கிய 'குட் டைம் சார்லிஸ் டாட்டூலேண்ட்' என்ற கடை வழியாகத் தொழில்முறைக்கு வந்தன. அங்கே மெல்லிய கோட்டால் வரைந்தது பெரும்பாலும் முகங்களும் நிழல் வேலைப்பாடும். கோட்டுக்கு மூச்சு விட இடம் இருந்தது. இன்று நகத்தளவு இடத்துக்குள் ஒரு முழு ரோஜாவை, அதுவும் முள்ளோடு கேட்கிறோம்.

தமிழ் எழுத்து போடுகிறவர்கள் கவனிக்க!

இங்கிலீஷ் எழுத்தை விடத் தமிழ் எழுத்துக்கு ஃபைன் லைனில் ஆபத்து கொஞ்சம் அதிகம். நம் எழுத்தில் சுழி அதிகம். ண, ஞ, இ, ஐ எல்லாவற்றிலும் உள்ளே சின்னச் சின்ன இடைவெளிகள். எழுத்து அரை சென்டிமீட்டர் உயரம்தான் என்றால், கோடு லேசாக அகன்றதுமே சுழி மூடிக்கொள்ளும். அப்புறம் ண எது, ன எது என்று தெரியாது.

அதைவிட மோசம் புள்ளி. 'அம்மா'வில் ம் மேல் இருக்கும் அந்தப் புள்ளி ஊசியின் ஒன்றிரண்டு குத்துதான். பக்கு உதிரும்போது முதலில் காணாமல் போக வாய்ப்புள்ளது அதுதான். புள்ளி போனால் கையில் மிச்சம் இருப்பது 'அமமா'. அதனால் தமிழில் பெயர் போடுவதாக இருந்தால் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லுங்கள், புள்ளியைக் குட்டி வட்டமாக நிரப்பச் சொல்லுங்கள். "க்யூட்டா சின்னதா" வேண்டும் என்ற ஆசையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் பத்து வருடம் கழித்தும் வாசிக்கலாம். ஸ்டென்சிலைத் தமிழ் தெரிந்த இன்னொருவரிடம் காட்டிவிடுவது நல்லது. ஃபான்ட் மாற்றும்போது எழுத்து உடைந்துபோய், கொம்பும் காலும் இடம் மாறி நிற்பது பேனர்களில் மட்டும் நடக்கும் விபத்து இல்லை.

இடமும் அப்படித்தான். விரல், விரல் இடுக்கு, உள்ளங்கை ஓரம், பாதத்தின் பக்கவாட்டு... இங்கெல்லாம் தோல் எந்நேரமும் உரசுகிறது, சீக்கிரம் உரிகிறது. விரலில் மோதிரம் மாதிரி போடும் ஃபைன் லைன், படத்தில் அழகு. நிஜத்தில் சில மாதங்களிலேயே விட்டு விட்டுத் தெரிய ஆரம்பிக்கும். முன்கையின் உள்பக்கம், மேல்கை, தோள்பட்டைக்குப் பின்னால், கெண்டைக்கால் ஆகியவை நம்பகமான இடங்கள். மணிக்கட்டு நடுத்தரம். அங்கே ஸ்மார்ட் வாட்ச் ஸ்ட்ராப் தினமும் உரசுமா என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆர்ட்டிஸ்ட்டைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கேள்வி போதும்: "ஒரு வருஷம் ஆன டாட்டூ போட்டோ இருக்கா?" இன்ஸ்டாவில் பார்ப்பவை பெரும்பாலும் போட்ட ஐந்தாவது நிமிடத்தில், ரிங் லைட் வெளிச்சத்தில் எடுத்தவை. அந்த நிமிடத்தில் எல்லா டாட்டூவும் நன்றாகத்தான் இருக்கும். ஆறிய பிறகு, அதுவும் நம்மைப் போன்ற மாநிறம், கருப்புத் தோலில் எப்படி இருக்கிறது என்று காட்ட முடியாத ஆர்ட்டிஸ்ட்டிடம் ஃபைன் லைன் போடாமல் இருப்பதே நல்லது. கருந்தோலில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் குத்தினால் புண் ஆறிய பிறகும் கரும்படலம் தங்கும். வெள்ளைத் தோலைவிடத் தழும்பு தடித்து வளரும் 'கீலாய்டு' வாய்ப்பும் அதிகம். குடும்பத்தில் யாருக்காவது காது குத்திய இடத்தில் கட்டி மாதிரி வளர்ந்திருந்தால், டாட்டூ பற்றி முடிவெடுக்கும் முன் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

முதல் இரண்டு வாரம்: மஞ்சள் வேண்டாம், பெட்னோவேட் வேண்டவே வேண்டாம்

புது டாட்டூ ஒரு அலங்காரம் இல்லை, திறந்த புண். அப்படி நினைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும். வாசனை இல்லாத சோப், தண்ணீர், சுத்தமான கை. மெதுவாகக் கழுவி, டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பிறகு வாசனை சேர்க்காத லோஷனை மிக மெல்லிசாகத் தடவ வேண்டும். இது ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. வாசலின் மாதிரி பெட்ரோலியம் சார்ந்தவை மையை மங்கச் செய்யலாம் என்றும் நீர் சார்ந்த லோஷனே நல்லது என்றும் அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி சொல்கிறது. நம் ஊர் புழுக்கத்தில் பிசுபிசுவென்று எதையாவது பூசி மூடி வைத்தால் வியர்வை உள்ளேயே நின்று பக்கு ஊறிவிடும் என்பது தனிப் பிரச்னை. ஃபைன் லைனில் ஊறிய பக்கு உதிரும்போது கோடும் கூடவே போகும்.

வீட்டில் தெரிந்ததும் திட்டு விழுந்த கையோடு வைத்தியமும் வரும். "மஞ்சளை அரைச்சுப் பத்து போடு, புண்ணு சீக்கிரம் ஆறும்." பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அஞ்சறைப்பெட்டி மஞ்சளோ, நாள்பட்ட தேங்காய் எண்ணெயோ கிருமி நீக்கியது இல்லை. டெட்டால் ஊற்றிக் கழுவுவதும் தோலை எரிச்சலாக்கும். இன்னும் கவலை தருவது மெடிக்கல் ஷாப் பழக்கம். அரிப்பு என்றதும் பெட்னோவேட் போன்ற ஸ்டீராய்டு க்ரீமை வாங்கித் தடவுகிறார்கள். அரிப்பு அடங்கும், உண்மைதான். ஆனால் புண் ஆறுவது தாமதமாகும், தொடர்ந்து போட்டால் தோலே மெலியும். அரிப்பு வந்தால் சுத்தமான விரலால் மெல்லத் தட்டுங்கள். சொறியவும் உரிக்கவும் வேண்டாம்.

'செகண்ட் ஸ்கின்' என்று ஒட்டப்படும் பிளாஸ்டிக் படலம் நல்ல கண்டுபிடிப்புதான். தூசியும் உரசலும் படாது. ஆனால் ஓரம் திறந்து நீர் கசிந்தாலோ, உள்ளே வியர்வை தேங்கினாலோ, படலத்தின் அளவுக்கே சதுரமாகச் சிவந்து அரித்தாலோ உடனே எடுத்துவிட வேண்டும். "அஞ்சு நாள் வைக்கச் சொன்னாங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

அப்புறம் டைமிங். மே மாதம், ஜிம்மில் சேர்ந்த வாரம், ட்ரிப் போகும் வாரம் எதுவும் டாட்டூவுக்கு ஏற்றதில்லை. குறிப்பாக கோவா, புதுச்சேரி போய் முதல் நாள் டாட்டூ, மறுநாள் கடல் குளியல் என்று பிளான் போடுகிறவர்கள் ஒரு சம்பவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் டாட்டூ போட்ட ஐந்தாவது நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்திய ஒருவர், கடல் நீரில் இருக்கும் 'விப்ரியோ' பாக்டீரியா தொற்றி இறந்துபோனது 2017-ல் மருத்துவ இதழில் பதிவானது. அவருக்கு ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தது, எல்லோருக்கும் அப்படி ஆகாது. ஆனாலும் கடல், நீச்சல் குளம், ஏரி எதுவாக இருந்தாலும் முழுசாக ஆறும் வரை, அதாவது மூன்று நான்கு வாரம் தள்ளி இருப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. சிவப்பு குறையாமல் பரவினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ ஆர்ட்டிஸ்ட்டுக்கு வாட்ஸ்அப் பண்ணிக் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

ஆறிய பிறகுதான் உண்மையான வேலை

எல்லோரும் முதல் இரண்டு வாரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். டாட்டூ மங்குவதற்கு நாம் கட்டுப்படுத்தக்கூடிய பெரிய காரணம் அதற்குப் பிறகு, வருடக்கணக்கில், தினமும் படும் வெயில். சூரியனின் புற ஊதாக் கதிர் மைத்துகளைச் சிதைக்கிறது. சிதைந்த சின்னத் துகள்களை உடல் அப்புறப்படுத்திவிடுகிறது. தடிமனான கோட்டில் மை நிறைய இருக்கும், கொஞ்சம் போனால் தாங்கும். ஃபைன் லைனில் இருப்பதே கொஞ்சம்.

சென்னையில் கோடைக்காலத்தில் யு.வி. குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அது 'மிக மிக அதிகம்' என்ற கடைசிப் பிரிவு. பைக்கில் ஆபீஸ் போகிறவர்களின் முன்கைதான் இதில் முதல் பலி. கார் என்றாலும் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம். பக்கவாட்டுக் கண்ணாடி யு.வி.பி கதிரைத் தடுக்கும், யு.வி.ஏ கதிரை ஓரளவு உள்ளே விடும்.

புண் ஆறிய பிறகு எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத 'பிராட் ஸ்பெக்ட்ரம்' சன்ஸ்கிரீன், வெளியே கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பு தடவ வேண்டும். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். முகத்துக்குப் போடும்போதே டாட்டூவுக்கும் போட்டுவிட்டால் மறக்காது. ஆறாத புண் மீது மட்டும் போடக் கூடாது. அதுவரை துணியால் மூடுங்கள். சன்ஸ்கிரீன் பட்ஜெட்டுக்கு ஒத்துவரவில்லை என்றால், சிக்னலில் விற்கும் பைக் ஓட்டுகிறவர்களுக்கான கை ஸ்லீவ் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். 'டாட்டூ ஆஃப்டர்கேர் கிட்' என்று அழகான டப்பாவில் விற்கும் வெண்ணெய்களைவிட அது அதிகம் சாதிக்கும்.

அதிகம் பேசப்படாத இன்னொரு ஆபத்து, லேசர் முடி நீக்கம். அந்த லேசர் கருமையைத் தேடித்தான் சூடேற்றும். டாட்டூ மையும் அதற்குக் கருமைதான். மேலே பட்டால் தோல் வெந்துவிடும், கோடும் சிதையும். கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லி, அந்த இடத்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

ஸ்டூடியோவின் பொறுப்பு எங்கே?

ஃபைன் லைனில் மென்மையான சாம்பல் நிறம் வேண்டும் என்பதற்காகக் கருப்பு மையை நீர்த்துப் பயன்படுத்துவது வழக்கம். எதை ஊற்றி நீர்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் 2011-ல் ஒரே ஆர்ட்டிஸ்ட்டிடம் டாட்டூ போட்ட 19 பேருக்கு 'மைகோபாக்டீரியம்' தொற்று வந்தது. ஆர்ட்டிஸ்ட் மீது தப்பில்லை. முன்கூட்டியே கலந்து விற்கப்பட்ட சாம்பல் மையிலேயே கிருமி இருந்தது. மூடிய பாட்டிலுக்கே இந்த நிலை என்றால், கடையில் கேன் தண்ணீர் ஊற்றிக் கலப்பது எவ்வளவு பெரிய சூதாட்டம்! கிருமி நீக்கப்பட்ட திரவம்தானா, ஊசி சீல் உடைக்காததா என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கேட்டதும் முகம் சுளிக்கும் கடையை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ மைகளில் 4,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. இங்கே அப்படி ஒரு பட்டியல் நடைமுறையில் இல்லை. நம் ஊரில் அதிகாரிகள் டாட்டூ கடைப் பக்கம் திரும்பிப் பார்ப்பது, 2024 டிசம்பரில் திருச்சியில் நடந்தது போன்ற அதிர்ச்சி செய்தி வந்தால்தான். நாக்கைப் பிளந்து வீடியோ போட்ட டாட்டூ கடைக்காரர் கைதானார், கடைக்குச் சீல் வைத்தார்கள், பரபரப்பு அடங்கியது. தினமும் நூற்றுக்கணக்கான மணிக்கட்டுகளில் நடக்கும் சாதாரண வேலைக்கு என்ன தரம், யார் சோதிக்கிறார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சட்டம் வரும் வரை ஸ்டூடியோக்கள் காத்திருக்கத் தேவையில்லை. கையெழுத்து வாங்கும் படிவம் பெரும்பாலும் இங்கிலீஷில், கடையைக் காப்பாற்றும் விதமாக எழுதப்பட்டிருக்கிறது. அதில் தமிழில் நாலு வரி சேர்க்கலாம்: இந்த அளவில், இந்த இடத்தில் போட்டால் கோடு எத்தனை வருடம் தெளிவாக இருக்கும், இலவச டச்-அப் உண்டா, எந்த பிராண்ட் மை, எந்த பேட்ச், எதில் நீர்த்தது. கூடவே, டாட்டூ போட்ட 12 மாதங்களுக்கு ரத்த தானம் செய்ய முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். தேசிய ரத்த மாற்றுக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல் அப்படித்தான் சொல்கிறது. கேம்ப்பில் படுக்கையில் படுத்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு எழுந்து வருகிறவர்கள் குறைவில்லை.

விரலில் ஃபைன் லைன் கேட்டு வருகிறவரிடம் "இது நிக்காதுங்க, முன்கையில போடலாம்" என்று சொல்லும் ஆர்ட்டிஸ்ட்டுகளும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு பில்லை இழக்கலாம். அப்படிச் சொல்லும் ஒருவர் கிடைத்தால் அவரிடமே போடுங்கள்.

டச்-அப்பை நான்கைந்து வாரம் கழித்து, தோல் முழுசாக ஆறிய பிறகு கேளுங்கள். அவசரப்பட்டு அடிக்கடி ஏற்றினால் ஒவ்வொரு முறையும் கோடு கொஞ்சம் தடிக்கும், ஒரு கட்டத்தில் அது ஃபைன் லைனே இல்லை. ஸ்டென்சிலின் ஒரிஜினல் படத்தையும், ஆறிய பிறகு பகல் வெளிச்சத்தில் எடுத்த க்ளோஸ்-அப் ஒன்றையும் மெயிலில் போட்டு வையுங்கள். ஐந்தாறு வருடம் கழித்து அதே ஆர்ட்டிஸ்ட் ஊரில் இல்லாவிட்டாலும், புதிதாக ஏற்றுகிறவருக்கு எந்தக் கோடு எங்கே போனது என்று காட்ட அது உதவும்.